எடி வான் ஹேலனின் இரண்டு கைகள்

நண்பர்களே, கிதார் கலைஞர் எடி வான் ஹேலன் வாசித்த அமெரிக்க ராக் குழு வான் ஹேலன். அதன் முதல் இசைத்தொகுப்பு 1978இல் வந்தது. அதில் 'இரப்ஷன்' என்று ஒரு தனி கிதார் வாசிப்பு. மொத்தமே 1 நிமிடம் 42 நொடிதான். ஸ்டுடியோவில் எடி விரல்களைப் பழக்கிக்கொள்ள வாசித்தது தயாரிப்பாளர் டெட் டெம்பிள்மன் காதில் விழுந்தது. அப்படித்தான் அது தொகுப்புக்குள் வந்தது.

வழக்கமாக ஒரு கை தந்தியை அழுத்தும், மற்றது மீட்டும். எடி மீட்டும் கையையும் கொண்டுபோய் கிதார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டு எனும் கம்பிகளின் மேலேயே தட்டினார். எட்ட எட்ட இருக்கும் ஸ்வரங்கள்கூட ஒரே ஓட்டமாகப் பொழிந்தன. டேப்பிங் எனப்படும் இதை ஸ்டீவ் ஹாக்கெட் போன்ற கிதார் கலைஞர்கள் முன்பே செய்திருக்கிறார்கள். ஆனால் உலகத்தையே அதன் பக்கம் திருப்பியவர் எடி.

இரண்டு கையாலும் ஸ்வரம் எழுப்பும் இதன் வேர் பியானோவில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆம்ஸ்டர்டாமில் 1955இல் பிறந்து, 1962இல் குடும்பத்தோடு கலிஃபோர்னியா வந்த அந்தப் பையன் முதலில் படித்தது பியானோ. இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாது. பார்த்தும் கேட்டுமே வாசித்துப் போட்டிகளில் பரிசு வாங்கினான்.

அப்புறம் அந்தக் கருவி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபெண்டர் நிறுவன கிதாரின் வடிவமும் வேண்டும், கிப்சன் நிறுவன கிதாரின் கனத்த ஒலியும் வேண்டும். இரண்டும் சேர்ந்த கிதார் அவருக்குக் கிடைக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினார். 50 டாலருக்கு உடல், 80 டாலருக்குக் கழுத்து, கிப்சனிலிருந்து கழற்றிய ஒரு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்). சத்தம் கூட்டும்போது பிக்கப் கீச்சிடாமலிருக்க, அதை உருக்கிய மெழுகில் முக்கியெடுத்தார். 'ஃபிராங்கன்ஸ்ட்ராட்' என்று இன்று கொண்டாடுகிறோமே, அது இப்படிப் பிறந்ததுதான். கிதாரை உடம்பிலிருந்து முன்னால் நீட்டிக் கிடத்தி, இரண்டு கையாலும் மேலிருந்து வாசிக்க உதவும் ஒரு தாங்கிக்கு 1987இல் காப்புரிமையும் பெற்றார்.

மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டில் காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்தார். குழுவுக்கு 1984இல் அமெரிக்காவில் முதலிடம் வாங்கித் தந்த 'ஜம்ப்' பாட்டைத் தொடங்கிவைப்பது அவர் வாசித்த சின்தசைசர் என்ற மின்னணு இசைப்பலகை. 2020 அக்டோபர் 6 அன்று, 65 வயதில், புற்றுநோயால் காலமானார்.

அவரைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோலோ, அதாவது தனி கிதார் வாசிப்பு, எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள். பாடகர் பாடும்போது பின்னால் ஓடும் அவருடைய தாள கிதார் வாசிப்பைக் கேளுங்கள். அண்ணன் அலெக்ஸின் டிரம்ஸோடு அது எப்படிப் பிணைந்து போகிறது என்று பாருங்கள். எனக்கு அவருடைய சோலோக்களைவிட அதுதான் பிடிக்கும்.