மேரி பெர்விக்குக்குச் சிபாரிசு செய்தது யார்?

நடுவர் அவர்களே, வணக்கம். விக்டோரியா காலத்துக் கவிஞர் அடிலெய்ட் ஆன் ப்ராக்டரின் புகழுக்குக் காரணம் கவிதையா, பெரிய இடத்துத் தொடர்பா? தொடர்புதான் என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா கவிஞர், குடும்ப நண்பர் நாவலாசிரியர் டிக்கன்ஸ், ரசிகை மகாராணி, மெட்டுப் போட்டவர் சல்லிவன். பட்டியல் சரி. அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

1853இல் டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழுக்கு மேரி பெர்விக் என்ற பெயரில் கவிதை அனுப்பினார். முகவரி, லண்டனில் ஒரு வாடகை நூலகம். சொந்தப் பெயரில் போனால், பிடிக்காவிட்டாலும் டிக்கன்ஸ் அப்பா முகத்துக்காகப் போட்டுவிடுவார் என்ற அச்சம். அப்பா பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். மறைத்து நுழைந்தவரை எதிரணி காட்டட்டும்!

இதழ் அலுவலகத்தில் ஆளாளுக்கு யூகித்து, மேரி ஏதோ ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சரம்மா என்றே முடிவுகட்டிவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் கவிதைகள் அச்சேறின. 1854 டிசம்பரில் ப்ராக்டர் வீட்டு விருந்துக்கு வந்த டிக்கன்ஸ், கிறிஸ்துமஸ் இதழின் அச்சுப்படியை மேசையில் வைத்து, இதில் மிஸ் பெர்விக்கின் அழகான கவிதை ஒன்று இருக்கிறது என்றார். யாரிடம்? எழுதியவரின் தாயாரிடம்! மகளும் அங்கேயே இருக்கிறார்; வாய் திறக்கவில்லை. மறுநாள்தான் குட்டு உடைந்தது. நான் சேர்த்த மசாலா இல்லை, நடுவர் அவர்களே. டிக்கன்ஸே பின்னாளில் அவர் நூலுக்கு முன்னுரையாக எழுதியது.

தொடர்பை அவர் தொடவே இல்லையா? தொட்டார், பிறருக்காக. பெண்கள் அச்சுக்கோர்த்த விக்டோரியா அச்சகத்துக்காக 1861இல் ‘விக்டோரியா ரீஜியா’ என்ற நூலைத் தொகுத்தார், கவிஞர் டென்னிசனும் நாவலாசிரியர் தாக்கரேயும் எழுதிக் கொடுத்தார்கள். மறு ஆண்டு வந்த அவருடைய கவிதைத் தொகுப்பின் வருமானம், வீடற்ற பெண்களும் குழந்தைகளும் தங்கும் இரவு விடுதிக்குப் போனது.

சல்லிவன் மெட்டில்தான் ப்ராக்டரின் ‘எ லாஸ்ட் கார்ட்’ கவிதை பிழைத்தது என்றார் எதிரணித் தோழி. கவிஞர் காசநோயில் இறந்தது 1864, வயது 38. மெட்டு வந்தது 1877. இறந்துகொண்டிருந்த தன் அண்ணனின் படுக்கையருகே இருந்த நாட்களில் சல்லிவன் இந்த வரிகளுக்குத்தான் இசையமைத்தார். கவிஞர் போய்ப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அங்கே சிபாரிசுக் கடிதம் நீட்டியது யார்? அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.