கல்லுக்கு முன்னே கூடியவர்கள்

பெரியோர்களே, சபையாரே,

ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு என்னை அழைத்தவர்கள் ஆலயத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஆலயம் எழும்புமுன் இருந்த சபையிலிருந்து தொடங்குகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆட்கள் முதலில் கூடினார்கள், கல் பிறகுதான் வந்தது.

மயிலாடி ஊரைச் சேர்ந்த மகாராசன் என்பவர் தஞ்சாவூருக்குப் போய், ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பி, தம் உறவினர் சிலரைச் சேர்த்துக்கொண்ட பிறகே, தரங்கம்பாடியிலிருந்த ஜெர்மானிய மிஷனெரி ரிங்கல்தௌபேயைத் தேடிச் சென்று அழைத்தார். ரிங்கல்தௌபே மயிலாடி வந்தது 1806-ல். ஆகவே மிஷனெரி வந்து சபையை உண்டாக்கினார் என்று நாம் மேடைதோறும் சொல்வது பாதி உண்மைதான். ஆலயமோ 1809-ல்தான் எழுந்தது. இன்றும் சிற்பிகளின் உளியோசை கேட்கும் மயிலாடியில் கல்லுக்கா பஞ்சம்? அனுமதிக்குத்தான் பஞ்சம். திருவிதாங்கூர் அரசிடம் அதைப் பெற்றுத்தர ஆங்கிலேயரின் பிரதிநிதியாக அங்கிருந்த ரெசிடெண்டு மெக்காலே தலையிட வேண்டியிருந்தது.

பத்தாண்டு கழித்து, 1819 ஜனவரி 1 அன்று, நாகர்கோவில் கஸ்பா ஆலயத்துக்கு மிஷனெரி ரிச்சர்டு நில் அடிக்கல் நாட்டினார். யானைகள் கல் இழுத்த கதையை நம் வீடுகளில் கேளாத பிள்ளை இல்லை. அதைவிட என்னை வியக்கவைப்பது, மேலாடை அணிந்ததற்காக ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தெருவில் அடிபட்ட ஒரு நாட்டில், அந்த மக்களே நிமிர்ந்து நுழையும் உயரத்தில் ஒரு வாசல் வைக்கப்பட்டதுதான். மேலாடை அணியும் உரிமைக்கு அரச விளம்பரம் வர 1859 ஆயிற்று. அதற்குள் சில ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. வாசலுக்கு உள்ளேயும் சாதி பார்த்து ஒதுங்கி உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறைக்க எனக்கு மனமில்லை.

வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய கோயில்கள் என்று ஒரு பேச்சு உண்டு. என் பாட்டி உலை கொதித்ததும் அரிசியைக் களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையிலிருந்த மண்கலயத்தில் போடுவார்; வீட்டில் அன்றைக்குக் கஞ்சி மட்டும்தான் என்றாலும் அந்தப் பிடி குறையாது. வாரக் கடைசியில் கலயம் கோயிலுக்குப் போகும். பிடியரிசியும் அறுப்பின் பண்டிகையில் ஏலம்போன வாழைக்குலையும் எத்தனை சுவருக்குச் சுண்ணாம்பு ஆயின என்பதற்குக் கணக்கேது?

பழைய ஆலயத்தை இடித்துப் பெரிதாய்க் கட்டுவது இப்போது ஊர்தோறும் நடக்கிறது. மக்கள் பெருகினால் இடம் வேண்டும். அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் நான் அறிந்த ஒரு சபையில், தேக்கு உத்திரங்கள் ஒரே நாளில் லாரியேறின, பெயர் வெட்டிய அடிக்கல் பலகை கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாயிற்று. எழுத்து மேற்புறமாகக் கிடந்ததால் நான் குனிந்து வாசித்தேன். சோப்பு நுரையைத் தள்ளிவிட்டு ஆண்டை மட்டுமே படிக்க முடிந்தது, பெயர்கள் தேய்ந்துவிட்டன.

செயற்குழுவினரிடம் என் வேண்டுகோள் சிறியது. இடிக்கும் தீர்மானம் போடுமுன் சுவர்களை அளந்து, கல்வெட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள். அலமாரியில் ஈரம் ஏறிக்கொண்டிருக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டை இந்த மழைக்கு முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.