கிண்டியில பார்த்தது காடே இல்லையா?

போன தடவை வந்த கேள்விகள்ல ஒண்ணு, ரெண்டு நாளா மனசுலயே ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க: "அண்ணா, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போனோம். கூண்டுல கொஞ்சம் பறவை, ஊஞ்சல், சறுக்கு மரம், அவ்வளவுதான். இதையா நீங்க காடு காடுன்னு சொல்றீங்க?"

அம்மா, நீங்க போனது சிறுவர் பூங்கா. பாம்புப் பண்ணைக்குப் பக்கத்துல, டிக்கெட் வாங்கிட்டுப் போவோமே, அது. செவ்வாய்க்கிழமை லீவு. அது தெரியாம நானே ஒரு தடவை கேட்டைப் பார்த்துட்டுத் திரும்பியிருக்கேன். தேசியப் பூங்கா வேலிக்கு அந்தப் பக்கம். 1978-ல அறிவிச்சாங்க. மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் ஐஐடி. நினைச்ச நேரத்துக்கு உள்ள நுழைய முடியாது, வனத்துறை அனுமதி வாங்கணும்.

சரி, அனுமதி வாங்கி உள்ள போனா என்ன தெரியும்? இதைத்தான் நீங்க கேட்டிருக்கணும்!

நான் முதல் தடவை போனப்போ களாச்செடியும் சூரைமுள்ளும் சட்டையைப் பிடிச்சு இழுக்க, புதர் புதரா எட்டிப் பார்த்துக்கிட்டே போனேன். புள்ளிமான் நிறைய இருந்துச்சு. நான் தேடினது வெளிமான். கூட வந்த காவலர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, "சார், மரத்துக்குள்ள ஏன் தேடுறீங்க? பொட்டல்ல பாருங்க"ன்னார். திரும்பினா, புல்வெளி நடுவுல ஒரு வெளிமான் கிடா. முதுகு கன்னங்கரேல்னு, வயிறு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. மூக்கை மேல தூக்கி, முறுக்குக் கொம்பை முதுகுப் பக்கமா சாய்ச்சுக்கிட்டு, கல்யாண வீட்டுல பெரிய மாமா நடக்கிற மாதிரி ஒரு நடை.

வழக்கமாப் பார்க்கிறவங்களுக்கு அடுத்து என்ன சொல்லப்போறேன்னு தெரியும். சொல்லத்தான் போறேன். காடுன்னா மரம் மட்டும் இல்லைங்க! வெளிமான். பேரிலேயே இருக்கு பாருங்க, வெளி. தூரத்துலயே ஆபத்தைக் கண்ணால பார்த்து, மணிக்கு 80 கிலோமீட்டர் வரைக்கும் ஓடித் தப்பிக்கிற உயிர் அது. அந்தக் கொம்போட புதருக்குள்ள ஓட முடியுமா? புல்லுவெளியில புதர் மண்டிடுச்சுன்னா புள்ளிமான் எப்படியோ சமாளிச்சுக்கும். அது நிழல்லயும் மேயும், இலைதழையும் கடிக்கும். வெளிமானுக்குப் போக்கிடம் கிடையாது.

ஒரு பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கிட்டேன். மரம் நடு விழான்னு கூப்பிட்டிருந்தாங்க. மைக்கைப் பிடிச்சு, "எல்லா இடத்துலயும் மரம் நடாதீங்க, சில இடத்தைப் புல்லுக்கு விடுங்க"ன்னேன். மேடையில இருந்தவங்க மூஞ்சியைப் பார்க்கணுமே! பொன்னாடையை அவசரமாப் போர்த்தி இறக்கி விட்டுட்டாங்க. மறுபடி கூப்பிடவே இல்லை.

அதனால தங்கச்சி, அடுத்த தடவை முன்கூட்டியே அனுமதி கேட்டு, காலையில வெயில் ஏறுறதுக்குள்ள போங்க. பிள்ளைங்ககிட்ட மரத்தைக் காட்டாதீங்க, பொட்டலைக் காட்டுங்க. கிடா நின்னுச்சுன்னா அதோட கொம்புல எத்தனை முறுக்குன்னு எண்ணச் சொல்லுங்க. எண்ணி முடிக்கிற வரைக்கும் அது நிக்குமாங்கிறது வேற விஷயம்.

அடுத்த கேள்வி... இதுவும் மான் பத்தித்தானா? வரட்டும்.