கேம்ப்ளே வீடியோவுக்கு காப்பிரைட் க்ளைம்: மெஷின் எங்க தப்பு பண்ணுது, நீங்க எங்க மாட்டுறீங்க

(திரையில்: பழைய எட்டு பிட் கூடைப்பந்து கேம். ஒரு பிளேயர் மூலையில நின்னு பந்தை எறியுறார், கூடைக்குள்ள விழுது. அதே மூலை, அதே ஷாட். மறுபடியும் விழுது.)

இது கொனாமியோட 'டபுள் டிரிப்ள்'. நின்டெண்டோவோட பழைய என்இஎஸ் கன்சோல்ல வந்த கேம். இதுல ஒரு ஓட்டை உண்டு. கோர்ட்டோட ஒரு குறிப்பிட்ட மூலையில நின்னு எறிஞ்சா, மூணு பாயின்ட் ஷாட் தப்பாம விழும். 2009-ல ஒருத்தர் அதைப் பதிவு பண்ணி யூடியூப்ல போட்டார். ஏழு வருஷம் கழிச்சு, 2016 மே மாசம், 'ஃபேமிலி கை' கார்ட்டூனோட ஒரு எபிசோட்ல அதே கிளிப் வந்துச்சு. எபிசோட் ஒளிபரப்பான கொஞ்ச நாள்லயே 2009-ல போட்ட அந்த ஒரிஜினல் வீடியோ முடங்கிடுச்சு. 'இது எங்க காட்சி'ன்னு காப்பிரைட் க்ளைம் பண்ணினது, 'ஃபேமிலி கை'யை ஒளிபரப்புற ஃபாக்ஸ் நிறுவனம்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதை. ஆனா இதுக்காக ஃபாக்ஸ் ஆபீஸ்ல யாரும் உக்காந்து திட்டம் போடல. நடந்தது இவ்வளவுதான்: யூடியூப்ல காப்பிரைட் மீறலைத் தானா தேடுற மெஷினுக்குப் பேர் கன்டென்ட் ஐடி. எபிசோட் முழுசா அந்த சிஸ்டத்துக்குள்ள, ஒப்பிட்டுப் பாக்குறதுக்கான ரெஃபரன்ஸ் ஃபைலா போச்சு. அதுக்குள்ள இரவல் வாங்கின காட்சி எது, சொந்தக் காட்சி எதுன்னு யாரும் பிரிச்சுக் குறிக்கல. மெஷின் பழைய வீடியோ, புது வீடியோ எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பார்த்துச்சு, ஒண்ணு பொருந்துச்சு, ரெஃபரன்ஸ் கொடுத்தவர் பக்கம் தீர்ப்பு. எது முதல்ல வந்துச்சுங்கிற கேள்வி அந்தக் கணக்குலயே கிடையாது. செய்தி பரவின பிறகு ஃபாக்ஸ் க்ளைமை வாபஸ் வாங்கிடுச்சு.

கன்டென்ட் ஐடி எங்கிருந்து வந்துச்சுன்னும் பார்த்துடுவோம். 2007 மார்ச்ல வயாகாம் நிறுவனம் யூடியூப் மேல 100 கோடி டாலர் நஷ்ட ஈடு கேட்டு வழக்கு போட்டுச்சு. அதே வருஷம்தான் இந்த சிஸ்டம் வெளிய வந்துச்சு. பெரிய உரிமையாளர்கள் தங்களோட பாட்டு, படம், எபிசோட் எல்லாத்தையும் கொடுத்து வைப்பாங்க. மெஷின் அதுலேர்ந்து ஒரு கைரேகை எடுக்கும். ஒலியில எந்த நொடியில எந்த அதிர்வெண் ஓங்கி நிக்குதுங்கிற மாதிரி ஒரு புள்ளிக்கோலம். படத்துக்கும் அதே மாதிரி ஒண்ணு. நீங்க அப்லோட் பண்ற வீடியோவோட கைரேகை அதோட பொருந்தினா மூணு வழி: வீடியோவைத் தடுக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கலாம், இல்ல யார் யார் பாக்குறாங்கன்னு கணக்கு மட்டும் வெச்சுக்கலாம். பெரும்பாலானவங்க எடுக்கிறது ரெண்டாவது வழியைத்தான்.

"பத்து செகண்டுக்குள்ள இருந்தா பிரச்சினை இல்ல" அப்படின்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கு. அப்படி ஒரு விதி சட்டத்துலயும் இல்ல, சிஸ்டத்துலயும் இல்ல. பொருந்துற அளவுக்கு ஒலி இருந்தா போதும். பாட்டே இல்லாட்டியும் மாட்டலாம். ஒருத்தர் போட்ட பத்து மணி நேர 'வொயிட் நாய்ஸ்' வீடியோ, அதாவது வெறும் 'ஷ்ஷ்'ங்கிற இரைச்சல், அதுக்கு அஞ்சு க்ளைம் விழுந்தது 2018 ஜனவரியில செய்தியாச்சு.

(திரையில்: ஒரே கேம்ப்ளே காட்சி, ஒண்ணுமேல ஒண்ணா நாலு அடுக்காப் பிரியுது.)

கேம் வீடியோவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை? சினிமாவுக்குப் பெரும்பாலும் ஒரே உரிமையாளர். கேமுக்குள்ள நாலு பேர் இருப்பாங்க.

முதல் ஆள் பப்ளிஷர், அதாவது கேமை வெளியிடுற நிறுவனம். 2013-ல நின்டெண்டோ தன்னோட கேமை விளையாடிப் போட்ட வீடியோக்கள் மேல க்ளைம் போட ஆரம்பிச்சப்போ பெரிய சண்டையாச்சு. 2015-ல வருமானப் பங்கு திட்டம் ஒண்ணு கொண்டு வந்தாங்க: தனி வீடியோவா பதிவு பண்ணினா 60 சதவீதம், சேனலையே பதிவு பண்ணினா 70 சதவீதம். 2018 கடைசியில அதையும் மூடிட்டு, பொதுவான வழிகாட்டி விதிகளுக்கு மாறிட்டாங்க. இப்போ நிறைய பப்ளிஷர்கள் அந்த மாதிரி ஒரு பக்கம் வெச்சிருக்காங்க. அதுல மூணு விஷயம் தேடுங்க: வருமானம் எடுக்க அனுமதி உண்டா, கட்சீன்களை (நடுவுல கதை சொல்ல வர்ற சினிமா மாதிரி காட்சிகள்) மட்டும் தனியாப் போடலாமா, சவுண்ட்ட்ராக்கைத் தனியாப் போடலாமா. மூணாவதுக்கு அனுமதி அநேகமா இருக்காது.

ரெண்டாவது ஆள், கேம் ரேடியோவுலயும் பார் சீன்லயும் ஓடுற நிஜப் பாட்டோட உரிமையாளர். பப்ளிஷர் அந்தப் பாட்டை வாங்கினது கேமுக்காக. உங்க வீடியோவுக்காக இல்ல. அதனால பப்ளிஷர் உங்களுக்குக் கொடுத்த அனுமதி இந்தப் பாட்டுக்குச் செல்லாது.

மூணாவது, கேமுக்கு இசையமைச்சவர். அவர் ஆல்பத்தை ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூலமா ஸ்ட்ரீமிங் சைட்டுகளுக்கு அனுப்பும்போது, 'கன்டென்ட் ஐடியிலும் சேர்க்கவா'ன்னு ஒரு டிக் பாக்ஸ் வரும். யோசிக்காம டிக் அடிச்சா, தன்னோட கேமை ஆசையா விளையாடிக் காட்டுறவங்க எல்லாருக்கும் அவர் பேர்லயே க்ளைம் பறக்கும். அவருக்கே அது தெரியாம இருக்கலாம். மெயில் போட்டாலே பல நேரம் தீர்ந்துடும்.

நாலாவதுதான் விவகாரமான ஆள். இசையமைப்பாளர் ஒரு சாம்பிள் லைப்ரரிலேர்ந்து எட்டு பார் டிரம் லூப் வாங்கி மெனு மியூசிக்ல போட்டிருப்பார். அதே லூப்பை முகம் தெரியாத இன்னொருத்தரும் வாங்கி, மேல ரெண்டு வரி பாடி, கன்டென்ட் ஐடில ஏத்திடுவார். தனக்கு மட்டுமே உரிமை இருக்கிற ஒலியைத்தான் ஏத்தணும்னு விதி இருக்கு. எல்லாருக்கும் விக்கிற லூப் அதுல சேராது. இருந்தும் உள்ள போயிடுது. இந்த வகையைக் கண்டுபிடிக்கிறது சுலபம்: க்ளைம்ல இருக்கிற பாட்டுப் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்கவே மாட்டீங்க. பொருந்தின இடம் மெனு ஸ்க்ரீன்லயோ லோடிங்லயோ பத்துப் பதினஞ்சு செகண்ட்தான் இருக்கும். அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டா, பின்னாடி ஓடுற தாளம் மட்டும் ஒண்ணா இருக்கும்.

இப்போ பதிவு பண்ற இடத்துக்கு வருவோம். பாதிப் பிரச்சினையை அங்கயே முடிச்சுடலாம்.

(திரையில்: ஓபிஎஸ் செட்டிங்ஸ்.)

ஓபிஎஸ்ங்கிறது திரையில ஓடுறதைப் பதிவு பண்ற சாஃப்ட்வேர். அதுல 'செட்டிங்ஸ்', அதுக்குள்ள 'அவுட்புட்', மேல மோடை 'அட்வான்ஸ்டு'க்கு மாத்துங்க. 'ரெக்கார்டிங்' டேப்ல ஆடியோ ட்ராக் 1, 2, 3, 4 நாலுக்கும் டிக். ஃபார்மேட் எம்கேவி. நடுவுல கரண்ட் போனாலும் எம்கேவி ஃபைல் கெடாது, சாதாரண எம்பி4 கெட்டுடும். அடுத்து 'செட்டிங்ஸ்', 'ஆடியோ' போய் 'டெஸ்க்டாப் ஆடியோ'வை 'டிஸேபிள்டு' ஆக்குங்க. அதுக்குப் பதிலா 'அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர்'னு ஒரு சோர்ஸ் சேர்த்து கேமைத் தேர்ந்தெடுங்க. இன்னொண்ணு சேர்த்து வாய்ஸ் சாட். மியூசிக் பிளேயரைச் சேர்க்கவே வேண்டாம். கடைசியா மிக்ஸர்லேர்ந்து 'அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, கேமுக்கு 1, 2. மைக்குக்கு 1, 3. சாட்டுக்கு 1, 4 டிக் வையுங்க. இப்போ முதல் ட்ராக்ல எல்லாம் கலந்து இருக்கும். கேம், மைக், சாட் மூணும் 2, 3, 4-ல தனித்தனியா நிக்கும்.

'டெஸ்க்டாப் ஆடியோ'வை அணைக்க மறக்கிறதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. மறந்தா கேம் சத்தம் ரெண்டு தடவை பதிவாகி எதிரொலி மாதிரி கேக்கும். பின்னாடி ஓடின பாட்டும் முதல் ட்ராக்குக்குள்ள கசிஞ்சுடும். இன்னொரு குழப்பம்: ஃபைலை பிளேயர்ல போட்டா முதல் ட்ராக் மட்டும்தான் கேக்கும், மத்தது பதிவாகலன்னு நினைக்காதீங்க, எடிட்டர்ல திறந்தா நாலும் இருக்கும். எடிட்டருக்கு எம்கேவி பிடிக்கலன்னா, 'ஃபைல்' மெனுல 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' இருக்கு. தரம் குறையாம எம்பி4 ஆகிடும்.

இது உங்க குரலைக் காப்பாத்தும். கேமுக்குள்ள இருக்கிற பாட்டைக் காப்பாத்தாது, ஏன்னா இசையும் துப்பாக்கிச் சத்தமும் ஒரே ட்ராக்ல கலந்துதான் வரும். அதுக்கு கேமோட ஆப்ஷன்ஸைப் பாருங்க. 'ஸ்ட்ரீமர் மோட்', இல்ல 'லைசென்ஸ்டு மியூசிக்'னு ஒண்ணு இருக்கலாம். சைபர்பங்க் 2077, 2021-ல வந்த கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி மாதிரி கேம்கள்ல உண்டு. அதையும் கண்ணை மூடிட்டு நம்பிடாதீங்க. சைபர்பங்க் வந்த புதுசுல, ஆப்ஷனை அணைச்சாலும் ஒரு பாட்டு தப்பி வருதுன்னு அதைச் செஞ்சவங்களே எச்சரிச்சாங்க, அப்புறம்தான் பேட்ச் வந்துச்சு. மியூசிக் வால்யூமைப் பூஜ்யம் ஆக்கினாலும், முன்கூட்டியே வீடியோவா ரெண்டர் பண்ணின கட்சீன்ல இசை படத்தோட சேர்ந்தே இருந்தா ஸ்லைடர் அதைத் தொடாது.

லைவ் ஸ்ட்ரீம் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 2020 மே மாசத்துக்கு முன்னாடி, கேம் லைவ் ஸ்ட்ரீமுக்குப் பேர் போன ட்விட்ச் தளத்துக்கு, வருஷத்துக்கு 50-க்கும் குறைவாத்தான் இசை சம்பந்தப்பட்ட டிஎம்சிஏ நோட்டீஸ் (அமெரிக்க காப்பிரைட் சட்டப்படி 'இதை நீக்கு'ன்னு வர்ற நோட்டீஸ்) வந்துட்டு இருந்துச்சு. அப்புறம் வாரத்துக்கு ஆயிரக்கணக்குல கொட்டுச்சு. இலக்கு எல்லாம் பழைய பதிவுகளும் கிளிப்புகளும்தான். அக்டோபர்ல ட்விட்ச் பல வீடியோக்களை அழிச்சுட்டு, எது, யார் க்ளைம் பண்ணினதுன்னுகூட சொல்லாம மெயில் அனுப்புச்சு. எதிர்த்து வாதாட வழியே இல்ல. அதுக்குப் பிறகுதான் ஓபிஎஸ்ல 'ட்விட்ச் விஓடி ட்ராக்' வந்துச்சு: லைவ்ல ஒரு ஒலி, சேமிக்கிற பதிவுல வேற ஒலி. (2021 பிப்ரவரியில பிளிஸ்ஸர்ட் கேம் நிறுவனத்தோட பிளிஸ்கான் விழாவுல மெட்டாலிகா ராக் குழு வாசிக்க, ட்விட்ச்சோட சொந்தச் சேனல் அந்த ஒலியை எடுத்துட்டு, கிணுகிணுன்னு பொம்மை மணி மாதிரி ஒரு இசையைப் போட்டுச்சு. தேடிப் பாருங்க, வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.)

சரி, எல்லாம் பண்ணியும் க்ளைம் வந்துடுச்சு. முதல்ல அது க்ளைமா ஸ்ட்ரைக்கான்னு பாருங்க. கன்டென்ட் ஐடி க்ளைம் ஒரு வீடியோவோட வருமானத்தையோ பார்வையையோதான் தொடும், சேனலுக்குக் கெட்ட பேர் இல்ல. ஸ்ட்ரைக் வேற. அது சட்டப்படி வந்த நீக்கல் நோட்டீஸ். 90 நாளுக்குள்ள மூணு விழுந்தா சேனலே போயிடலாம்.

யூடியூப் ஸ்டூடியோல 'கன்டென்ட்' பக்கம், 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' வரிசையில 'காப்பிரைட்' மேல மவுஸை வெச்சா விவரம் திறக்கும். எந்த நொடியிலேர்ந்து எந்த நொடி வரைக்கும், யாரு, எந்தப் பாட்டுன்னு இருக்கும். அந்தத் துண்டை வெட்டலாம், பாட்டை மட்டும் அழிக்கலாம், இல்ல 'இந்த க்ளைம் தப்பு'ன்னு எதிர்த்து டிஸ்ப்யூட் போடலாம். வருமானம் வர்ற சேனல்னா அஞ்சு நாள் கணக்கை மறக்காதீங்க: க்ளைம் வந்த அஞ்சு நாளைக்குள்ள டிஸ்ப்யூட் போட்டா, முதல் நாள்லேர்ந்து வர்ற காசைத் தனியா நிறுத்தி வெச்சு, ஜெயிச்சவருக்குக் கொடுப்பாங்க. ஆறாவது நாள் போட்டா, போட்ட நாள்லேர்ந்துதான் நிறுத்தி வைப்பாங்க. ஒரு வீடியோ அதிகமா ஓடுறதே முதல் வாரம்தான்.

டிஸ்ப்யூட் பெட்டியில 'காப்பிரைட்டை மீறும் நோக்கம் இல்ல', 'கிரெடிட் கொடுத்திருக்கேன்' இதெல்லாம் எழுதாதீங்க. ஒரு பிரயோஜனமும் இல்ல. அடுத்தவர் பொருள்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும். நொடியைச் சொல்லுங்க, அந்த ஒலி எங்கிருந்து வருதுன்னு சொல்லுங்க, பப்ளிஷரோட அனுமதிப் பக்கத்துலேர்ந்து பொருந்துற வரியை எடுத்துப் போடுங்க. லூப் பிரச்சினைன்னா லூப்போட பேரையும் லைப்ரரி பேரையும் எழுதுங்க.

இதைப் படிக்கப் போறது யாரு? க்ளைம் போட்டவரேதான். குற்றம் சாட்டினவர் கையிலயே முதல் தீர்ப்பு. அவருக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லலன்னா க்ளைம் தானா விழுந்துடும். மறுத்தா நீங்க அப்பீல் போகலாம், அதுக்கு அவருக்கு 7 நாள். அப்பவும் அவர் விடலன்னா நீக்கல் நோட்டீஸ் அனுப்பணும், உங்களுக்கு ஸ்ட்ரைக். கவனிங்க, ஒவ்வொரு படியிலயும் அபாயம் கூடுறது உங்க பக்கம் மட்டும்தான். 2021 முதல் ஆறு மாசத்துக்கு யூடியூப் வெளியிட்ட கணக்குப்படி, 72 கோடிக்கும் மேல க்ளைம், அதுல 99 சதவீதம் மெஷின் போட்டது. எதிர்க்கப்பட்டது சுமார் 37 லட்சம், ஒரு சதவீதத்துக்கும் கீழ. எதிர்த்ததுல 60 சதவீதம் அப்லோட் பண்ணினவங்க பக்கம் முடிஞ்சுச்சு. மெஷின் சரியா இருக்கிறதாலதான் யாரும் எதிர்க்கலன்னு யூடியூப் தரப்புல சொல்லலாம். மேல சொன்ன ஏணியைப் பார்த்தவங்க எத்தனை பேர் முதல் படியிலயே திரும்பிப் போயிருப்பாங்கன்னு அந்தக் கணக்குல தெரியாது.

கடைசியா, பொய் நோட்டீஸ். கன்டென்ட் ஐடி நேரடியா கிடைக்கிறது பெரிய ஆளுங்களுக்குத்தான், ஆனா நீக்கல் நோட்டீஸ் ஃபார்மை யார் வேணாலும் நிரப்பலாம். 2019-ல ஒருத்தர் மைன்கிராஃப்ட் வீடியோ போடுறவங்க மேல பொய் ஸ்ட்ரைக் போட்டு, 'பேபால்ல 150 டாலர், இல்ல பிட்காய்ன்ல 75 டாலர் அனுப்பு'ன்னு மிரட்டினார். யூடியூப் வழக்கு போட்டு, 25,000 டாலரும் பகிரங்க மன்னிப்பும் வாங்குச்சு. டெஸ்டினி 2 கேமோட உரிமையாளர் பங்கிங்கிற நிறுவனம். 2022-ல, அவங்களுக்காக வேலை பாக்குற நிறுவனம் மாதிரியே ஜிமெயில் கணக்கு தொடங்கி, ஒருத்தர் 96 பொய் நோட்டீஸ் அனுப்பினார். பங்கியோட சொந்த வீடியோவே தூக்கப்பட்டுச்சு.

அதனால ஸ்ட்ரைக் மெயில் வந்தா முதல்ல அனுப்புனரோட மெயில் முகவரியைப் பாருங்க. பெரிய கம்பெனி பேர், பின்னாடி இலவச மெயில் டொமைன்னா, கம்பெனியோட அதிகாரபூர்வ தளத்துலேர்ந்து நேரா கேளுங்க. பொய்யின்னு உறுதியானா கவுன்டர் நோட்டிஃபிகேஷன் அனுப்புங்க, அதாவது 'இந்த நீக்கல் தப்பு'ன்னு சட்டப்படி கொடுக்கிற எதிர் நோட்டீஸ். இது அமெரிக்காவோட 1998 டிஎம்சிஏ சட்டப்படி வர்றது. உங்க நிஜப் பேர், முகவரி, போன் நம்பர், பொய் சொன்னா தண்டனைக்கு உட்படுறேன்ங்கிற உறுதி, எல்லாம் கொடுக்கணும். அது அப்படியே எதிராளிகிட்ட போகும். எதிராளி முகவரி தேடி அலையுற மிரட்டல் பேர்வழின்னா யோசிக்கணும், வழக்கறிஞர் முகவரியைக் கொடுக்கிறது நல்லது.

அனுப்பினதும், எதிராளி கோர்ட்ல வழக்கு போட்டதுக்கு ஆதாரம் காட்ட 10 வேலை நாள். காட்டலன்னா வீடியோ திரும்ப வரும், ஸ்ட்ரைக் போயிடும். நடுவுல சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்ந்தா ரெண்டு வாரத்துக்கு மேல. வீடியோ புதுக் கேமோட முதல் நாள் கைடா இருந்தா, திரும்பி வர்றதுக்குள்ள அந்த கேம் ரெண்டு பேட்ச் தாண்டியிருக்கும். நீங்க சொல்லிக் கொடுத்த ஷார்ட்கட் அதுல ஒண்ணுல அடைபட்டுப் போயிருக்கும்.