முதல் டிரிப்பும் கடைசி டிரிப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசு பஸ் நல்லதா, தனியார் பஸ் நல்லதா என்று டீக்கடையில் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். தனியார் வண்டியில் பாட்டு போடுவான், கை காட்டிய இடத்தில் நிறுத்துவான், மூட்டையைக் கிளீனர் பையனே ஏற்றிவிடுவான் என்று ஒரு கட்சி. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டியிருந்தாலும், ஆள் இல்லாத நேரத்தில் வருவது கவர்ன்மெண்ட் பஸ்தான் என்று இன்னொரு கட்சி. நான் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து, டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் எந்தக் கட்சி என்று ஊகித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நம் கிராமங்களுக்கு முதலில் பஸ் விட்டது அரசாங்கம் இல்லை. மதுரைப் பக்கம் டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912 வாக்கிலேயே பஸ் தொழிலில் இறங்கிவிட்டார். 1920-ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை வண்டியோடு ஆரம்பித்தார். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். அப்புறம் தேசியமயம் வந்தது. 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. பெரிய கம்பெனிகளின் வண்டிகள் அரசுக்கு வந்தன. ஒன்றிரண்டு பஸ் வைத்திருந்த சின்ன முதலாளிகள் கையில் பெர்மிட் தங்கியது. அதனால்தான் இன்றைக்கும் ஒரே ரோட்டில் இரண்டும் ஓடுகின்றன.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தச் சண்டை சரியாகப் புரியாது. நகரத்து பஸ்களை 1947, 48 காலத்திலேயே அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. இங்கே தனியார் பஸ் என்றாலே தீபாவளிக்கு ஊருக்குப் போகிற ஆம்னி பஸ்தான் நினைவுக்கு வரும். அது வேறு கணக்கு. சட்டப்படி அது ஒப்பந்த ஊர்தி, அதன் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. நான் பேசுவது இடையிடையே ஆளை ஏற்றி இறக்கும் ரூட் பஸ்ஸையும் டவுன் பஸ்ஸையும் பற்றி. அதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். செங்குன்றம் தாண்டி பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் போனாலே போதும்.

பஸ்ஸைப் பார்க்காதீர்கள், டைமைப் பாருங்கள் என்பது என் கட்சி. காலை எட்டு மணிக்கு எந்தக் கிராமத்து ரோட்டிலும் வண்டிக்குப் பஞ்சமில்லை. முன்னால் போகிற வண்டி ஊர்ந்து ஊர்ந்து ஆள் பிடிக்கும். பின்னால் வருகிறவன் கண்ணாடியில் தெரிந்ததும் புழுதி பறக்க ஓடும். பஸ் ஸ்டாண்டில் ஒரு நிமிடத்துக்காகக் கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்தே என் தொண்டை போனது. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் அதே ரோட்டில் நின்று பாருங்கள்.

நைட் ஹால்ட் பஸ் என்று ஒன்று உண்டு. கடைசி டிரிப்பாக ஊருக்குள் போய், ரேஷன் கடைக்கு எதிரிலோ கோயில் திடலிலோ ராத்திரி அங்கேயே நின்றுவிடும். டிரைவர் நீள சீட்டில் காலை நீட்டிவிடுவார். கண்டக்டர் பணப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுப்பார். ஷட்டரை இறக்கினால் புழுக்கம், ஏற்றினால் கொசு. நாலரைக்கு யாராவது வண்டியின் தகரத்தைத் தட்டுவார்கள். வெளியே கீரைக்கட்டுக்கு ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு அம்மாக்கள், பூக்கூடையோடு ஒருத்தர், ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஒரு குடும்பம். அந்த டிரிப்பில் இருபது டிக்கெட் தேறினால் பெரிய விஷயம்.

இருபது டிக்கெட்டுக்கு ஒற்றை பஸ் முதலாளி வண்டி எடுக்கமாட்டார். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியுமா? ஊர் விட்டு ஊர் போகிற சாதாரண மப்சல் பஸ்ஸில் கிலோமீட்டருக்கு 58 பைசா என்று 2018 ஜனவரியில் வைத்த கட்டணம். அப்போது டீசல் எழுபது ரூபாய்க்குக் கீழே இருந்தது, பிறகு தொண்ணூறைத் தாண்டிவிட்டது. வண்டிக்கு வாங்கிய கடனுக்கு மாசத் தவணை வேறு. எட்டு மணி கூட்டத்தில் கிடைக்கிற கலெக்‌ஷன்தான் அவருக்கு நாள் முழுக்கச் சோறு.

சரி, அரசு பஸ் அந்த டிரிப்பை ஓட்டுகிறதே, அது போதாதா என்றால், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. டிப்போவில் டிரைவர் பற்றவில்லை, ஒரு வண்டி பிரேக் டவுன் என்றால் முதலில் வெட்டு விழுவது எதற்கு? மெயின் ரோட்டு பஸ்ஸை நிறுத்தினால் போன் மேல் போன் வரும். கடைசி ஊருக்குப் போகிற ராத்திரி டிரிப்பை நிறுத்தினால் கேட்க நாதி இல்லை. அந்த வண்டியை நம்பி பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர் ஒன்பதே முக்கால் வரை ரோட்டைப் பார்த்துவிட்டு, ஷேர் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவார். அன்றைய கூலியில் கால்வாசி அதற்கே போய்விடும். கணக்கில் அது ‘டிரிப் கட்’ என்ற ஒரு வரி, அவ்வளவுதான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. நூறு நாள் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களுக்கு அது பெரிய தொகை. ஆனால் இந்தச் சலுகை பஸ்ஸோடு ஒட்டியது, ஆளோடு இல்லை. ஊருக்கு வருகிறது தனியார் டவுன் பஸ் மட்டுமே என்றால் அந்த ஊர்ப் பெண் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். அரசு பஸ்ஸே வந்தாலும் அது டவுன் பஸ்ஸாக இல்லாமல் மப்சலாக இருந்தால் அப்போதும் காசுதான். பக்கத்து ஊர்க்காரி இலவசமாகப் போகிறாள், இவள் தினமும் டிக்கெட் எடுக்கிறாள். இவள் செய்த குற்றம் என்ன?

இதில் எங்கள் ஆட்கள் சிலர் பண்ணுவதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டியை ஐம்பதடி தள்ளி நிறுத்துவது, ‘ஓசி டிக்கெட்’ என்று முணுமுணுப்பது. அது ஓசி இல்லை ஐயா. அந்த டிக்கெட்டுக்கு அரசாங்கம் போக்குவரத்துக் கழகங்களுக்குப் பணம் கொடுக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கிய தொகை 3,600 கோடி ரூபாய்.

கேரளத்தில் இதே கதை வேறு மாதிரி. அங்கே தனியார் பஸ்களும் மாணவர்களைச் சலுகைக் கட்டணத்தில் ஏற்றியாக வேண்டும், ஆனால் நஷ்டம் முதலாளி தலையில். விளைவு, பள்ளி விடும் நேரத்தில் ஸ்டாப்பில் தகராறு, மாணவர் கட்டணத்தை உயர்த்து என்று முதலாளிகள் வேலைநிறுத்தம். சலுகையை ஒருவர் அறிவித்து, செலவை இன்னொருவர் சுமந்தால் பயணி வேண்டாத விருந்தாளி ஆகிவிடுகிறார்.

மினி பஸ் திட்டம் 1997-ல் வந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. ஓடவிட்ட பிறகு பல வண்டிகள் கூட்டம் இருக்கிற மெயின் ரோட்டுப் பக்கமே ஒதுங்கின. 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை, அதில் 65 சதவீதமாவது பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பாதையைச் சொன்னது சரி. ஆனால் முதலாளியின் வருமானம் இன்னமும் கலெக்‌ஷனில்தானே இருக்கிறது? ஆள் இல்லாத ஏழு கிலோமீட்டரை ராத்திரியில் யார் போய்ப் பார்ப்பார்கள்?

சென்னையில் இப்போது வேறொன்று நடக்கிறது. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. வண்டியும் டிரைவரும் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவை, கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். ஓடிய கிலோமீட்டருக்கு நிறுவனத்துக்குப் பணம், ஏறிய டிக்கெட்டுக்கு இல்லை. எங்கள் தொழிற்சங்கத்து நண்பர்கள் இதைத் தனியார்மயம் என்கிறார்கள். வேலை நிரந்தரம் போய்விடும் என்ற அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை முதலில் கேட்க வேண்டியது கிராமம். அங்கே தனியார் வண்டிதான் ஓடும் என்றால் ஓடட்டும். அதிகாலை, ராத்திரி டிரிப்புகளுக்கு அரசே கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட வேண்டும். டிரிப் ஓடவில்லை என்றால் இரண்டு மடங்கு பிடித்தம். பெண்ணும் மாணவரும் அதில் கட்டணம் இல்லாமல் ஏறட்டும்.

அரசு பஸ்ஸுக்கும் அதே விதிதான். ராத்திரி டிரிப்பை வெட்டுகிற டிப்போ, சாயங்காலம் ஆறு மணிக்குள் அந்த ஊராட்சித் தலைவருக்கும் புறப்படும் பஸ் ஸ்டாண்டுக்கும் சொல்லிவிட வேண்டும். மாதம் எத்தனை டிரிப் வெட்டினார்கள் என்பதை எழுதி பஸ் ஸ்டாண்டிலேயே ஒட்ட வேண்டும். இதற்குப் புது பஸ் வேண்டாம், ஒரு போனும் ஒரு தாளும் போதும். நன்றி, வணக்கம்.