முதலில் பீலியைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. அட்டனோ, தலவாக்கலையோ, பதுளையோ, எங்கே இருந்து கேட்டாலும் சரி, உங்கள் தோட்டத்துக் கோயிலையோ சேர்ச்சையோ சனசமூக நிலையத்தையோ கொஞ்சம் மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல் என்று பேச்செடுத்தால் நம் கமிட்டிகளில் முதலில் வருவது சோலார். நல்ல விஷயம்தான், கடைசியில் வருகிறேன். ஆனால் நான் எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் முதலில் பார்ப்பது மழைத் தண்ணீர் ஓடுகிற கூரை ஓரத்து வாய்க்காலை, அதாவது பீலியைத்தான்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துச் சேர்ச், வெள்ளைக்காரன் காலத்துக் கற்சுவர். உள்ளே எப்போதும் பூஞ்சண வாசம். சபையார் பெயின்ட் அடிப்பார்கள், அடுத்த கிறிஸ்மஸுக்குள் உரிந்துவிடும். ஈரம் போகட்டும் என்று ஹீட்டர் வாங்கினார்கள், கரண்டு பில்தான் ஏறியது. நான் போன அன்று நல்ல மழை. அங்கே கூட்டித் துடைக்கிற அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய், “பாருங்க சேர், இந்த மூலையிலதான் தண்ணி இறங்குது” என்றார். வெளியே போய்ப் பார்த்தால் பீலி நிறைய சவுக்கு இலை. தண்ணீர் போக வழியில்லாமல் சுவரோடு வழிகிறது. இதை அந்த அம்மாவிடம் அதற்கு முன் யாருமே கேட்கவில்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

இன்னொன்றும் இருந்தது. அந்தச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அப்படிப்பட்ட சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதன்மேல் யாரோ சீமெந்து பூசி, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டார்கள், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பீலியைத் துப்புரவாக்கி, சீமெந்தை உரித்து, திரும்பச் சுண்ணாம்பு பூசினார்கள். சுவர் காய மாதக்கணக்கில் ஆனது, ஆனால் காய்ந்தது. ஹீட்டர் இப்போது ஓரத்தில் கிடக்கிறது. அதனால் மறுபடி சொல்கிறேன், முதலில் பீலியைப் பாருங்கள்.

பீலி சரியாக இருந்தால் தண்ணீரும் கைக்கு வரும். 1000 சதுர அடிக் கூரையில் ஒரே ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் சுமார் 90 லீற்றர். நம் மலையில் விழுகிற மழைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்! மாசி, பங்குனியில் குடத்தோடு அலைகிற நாமே அவ்வளவையும் வடிகால் கானில் விடுகிறோம். ஒரு டேங்க் வையுங்கள். முதல் மழை கூரையைக் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். குடிக்க வேண்டாம், தரை கழுவ, கக்கூஸுக்கு, பூச்செடிக்குத் தாராளமாகப் போதும்.

அப்புறம் திருவிழா அன்னதானம். 2017ல் சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்தது, 2023ல் ஒருமுறை பாவிக்கிற பிளாஸ்டிக் தட்டு, கப், பூமாலைக்கும் வந்தது. ஆனாலும் மறுநாள் கோயிலுக்குக் கீழே ஓடையில் என்ன கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து ஓடைகள் களனி கங்கைக்குத்தான் போகின்றன, கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் குடிப்பது அந்தத் தண்ணீர். மேட்டில் வாழை இலை கிடைப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். அதனால் கோயிலுக்கென்று சில்வர் தட்டு வாங்கி வையுங்கள். கல்யாணத்துக்கு வாடகைக்கும் விடலாம், போட்ட காசு திரும்பி வரும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை: பழைய 40 வோட் டியூப்பைக் கழற்றி 18 வோட் எல்ஈடி போடுங்கள், பகலிலும் மிஸ்ட் மூடுகிற ஊரில் கூரைத் தகடு இரண்டைக் கண்ணாடித் தகடாக மாற்றினால் அதையும் போடத் தேவையிருக்காது. சோலாருக்கு, கூரை மரம் பாரம் தாங்குமா, மேலே மர நிழல் விழுகிறதா, இந்த இரண்டையும் கூரை வேலை தெரிந்த ஒரு பாஸிடம் காட்டிக் கேட்ட பிறகு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்குப் போங்கள். ஒழுகுகிற கூரையில் மட்டும் பூட்டிவிடாதீர்கள், பிறகு ஓட்டையை அடைக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும். நன்றி, வணக்கம்.