பண்டிகை நாளில் ஒரு கொலை: சின்ன ஊர்க் கதைகள் என்னை ஏன் விடுவதில்லை?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குத் துப்பறியும் கதைகள். அதிலும் குறிப்பாக ஒரு வகை. சின்ன ஊர், பண்டிகை நேரம், ஒரு கொலை. போலீஸ் வருகிறது, போகிறது. ஆனால் கொலையாளியைக் கண்டுபிடிப்பது அந்த ஊரிலேயே குடியிருக்கிற யாரோ ஒருவர். ரிட்டயர்டு டீச்சராக இருக்கலாம், பேக்கரி வைத்திருப்பவராக இருக்கலாம், கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு பாட்டியாக இருக்கலாம். இந்த வகையை 'கோஸி' என்பார்கள். டிசம்பர் வந்தால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் புத்தகங்கள் கடைகளில் குவியும்.

பஸ்ஸில் படித்துவிட்டு மறந்துவிடுகிற கதைகள் என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல கோஸியில் பண்டிகை வெறும் தோரணம் கிடையாது. கொலை நடப்பதற்கும் அதுதான் காரணம், கொலையாளி மாட்டிக்கொள்வதற்கும் அதுதான் காரணம். அதைத்தான் இன்றைக்கு விளக்கப் போகிறேன். முடிவுகள் எதையும் உடைக்க மாட்டேன், பயப்படாமல் பாருங்கள்.

முதலில் இந்தப் புத்தகம். அகதா கிறிஸ்டி 1938இல் எழுதிய கிறிஸ்துமஸ் நாவல், 'ஹெர்க்யூல் பொய்ரோஸ் கிறிஸ்துமஸ்'. இதில் துப்பறிகிறவர் பொய்ரோ, அதாவது தொழில்முறைக்காரர். அதனால் இது சுத்தமான கோஸி இல்லை. ஆனாலும் பண்டிகைக் கொலை எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதை எனக்குத் தெரிந்து இல்லை. முதல் பக்கத்தைப் பாருங்கள். தன் அக்கா கணவர் ஜேம்ஸுக்கு இதைச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். உன் கதைகளில் கொலை எல்லாம் ரொம்ப நாசூக்காக ஆகிவிட்டது, நிறைய ரத்தத்தோடு ஒரு கொலை வேண்டும் என்று அவர் கேட்டாராம். அவருக்காகவே எழுதியது இது.

கதையில் ஒரு பணக்காரக் கிழவர். பல வருஷமாக விலகியிருக்கும் பிள்ளைகளையும் சேர்த்து, எல்லோரையும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரச் சொல்கிறார். வருகிறார்கள். பழைய மனக்கசப்பு, சொத்து, அம்மாவை அப்பா நடத்திய விதம் என்று ஒவ்வொருவருக்குள்ளும் ஒன்று கனன்றுகொண்டிருக்கிறது. ஆனால் பண்டிகை ஆயிற்றே, சிரித்தாக வேண்டும். பொய்ரோ இதை அழகாகச் சொல்வார்: சமாதானத்தின் பண்டிகை என்பதாலேயே மனிதர்கள் உள்ளே இருப்பதை அடக்கிக்கொண்டு நடிக்க வேண்டியிருக்கிறது, அந்த அடக்கல்தான் ஆபத்து என்று. சாதாரண செவ்வாய்க்கிழமையில் அந்தக் குடும்பம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கவே போவதில்லை. அழைப்பு போயிருக்காவிட்டால் கொலையும் இல்லை.

கிறிஸ்டிக்கு இந்த விருந்துகள் நேரடி அனுபவம். அப்பா இறந்தபிறகு சிறு வயது கிறிஸ்துமஸ்களை அக்கா புகுந்த குடும்பத்தின் மாளிகையான ஆப்னி ஹாலில் கழித்திருக்கிறார். மான்செஸ்டருக்குத் தெற்கே உள்ள பெரிய வீடு அது. அங்கே சாப்பிட்டதை எல்லாம் 1960இல் வந்த ஒரு தொகுப்பின் முன்னுரையில் ஆசை ஆசையாகப் பட்டியல் போட்டிருக்கிறார். வான்கோழியே இரண்டு விதம், ஒன்று வாட்டியது, ஒன்று வேகவைத்தது. யார் எங்கே உட்காருவார்கள், யார் யாரிடம் பேச மாட்டார்கள் என்பதை எல்லாம் ஒரு குழந்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கும்!

சரி, பண்டிகை எப்படிக் கொலையாளியைக் காட்டிக்கொடுக்கிறது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பண்டிகை நாளுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. வருஷா வருஷம் மாறாது. 1930களின் இங்கிலாந்து வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சர்ச், அப்புறம் மதிய விருந்து. 1932இலிருந்து ரேடியோவில் மன்னரின் கிறிஸ்துமஸ் உரையும் சேர்ந்துகொள்கிறது, பிற்பகல் மூன்று மணி வாக்கில். பிறகு பரிசுப் பொட்டலங்களைப் பிரிப்பது, விளையாட்டு, டீ. எந்த நேரத்தில் யார் எங்கே இருக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்றால் உடனே உறுத்தும். வேறு எந்த நாளிலும் ஒருவர் பத்து நிமிஷம் காணாமல் போனால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

நான் இந்தக் கதைகளைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்வேன். இதோ, கேமராவில் தெரிகிறதா? இடது ஓரத்தில் மணி, மேலே வரிசையாகப் பெயர்கள். யார் எப்போது யார் கண்ணில் பட்டார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்புவேன். காலியாக நிற்கிற கட்டங்களை மட்டும் சிவப்பு மையில் சுழித்துவைப்பேன். நல்ல எழுத்தாளர் என்றால் அந்தச் சிவப்புச் சுழிகளில் ஒன்றில்தான் பதில் இருக்கும். இன்னும் நல்ல எழுத்தாளர் என்றால், நிரம்பியிருக்கிறது என்று நாம் நம்பிய ஒரு கட்டத்தில் இருக்கும்.

அப்புறம் பனி. பனி விழுந்தால் சாலை அடைபடும், ரயில் நிற்கும். வெளியிலிருந்து யாரும் வர முடியாது, உள்ளே இருப்பவர்கள் போகவும் முடியாது. 1937இல் ஜெஃபர்சன் ஃபார்ஜன் எழுதிய 'மிஸ்டரி இன் ஒயிட்' என்ற நாவலில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ரயில் பனியில் சிக்கிக்கொள்கிறது. சில பயணிகள் இறங்கி நடந்து, வழி தெரியாமல் ஒரு வீட்டுக்குள் போகிறார்கள். கணப்பில் தீ எரிகிறது, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது, மேஜையில் டீக்கு எல்லாம் எடுத்துவைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு ஆள் இல்லை. இப்படி ஒரு ஆரம்பம்! கிட்டத்தட்ட மறந்தே போயிருந்த இந்த நாவலை பிரிட்டிஷ் லைப்ரரி 2014இல் மறுபதிப்பு போட்டது. அந்த வருஷ கிறிஸ்துமஸில் சக்கைப்போடு போட்டது. எழுபது சொச்சம் வருஷம் கழித்து!

நார்வேயைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். அங்கே துப்பறியும் கதைக்கான பண்டிகை கிறிஸ்துமஸ் கிடையாது, ஈஸ்டர். பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் திங்கள் வரை விடுமுறை. நிறையக் குடும்பங்கள் மலை மேலே மரவீடுகளுக்குப் போய்விடும். பையில் ஆரஞ்சுப் பழம், சாக்லேட், அதோடு ஒரு க்ரைம் நாவல். இது 1923இல் ஆரம்பித்த வழக்கம். நூர்டால் கிரீக், நில்ஸ் லீ என்ற இரண்டு இளைஞர்கள் சேர்ந்து பெர்கன் ரயிலைக் கொள்ளையடிக்கிற ஒரு கதையைப் புனைபெயரில் எழுதினார்கள். பதிப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? ஈஸ்டருக்கு முன்னால், 'ஆஃப்டன்போஸ்டன்' பத்திரிகையின் முதல் பக்கத்தில், பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளையடிக்கப்பட்டது என்று செய்தித் தலைப்பு மாதிரியே விளம்பரம் கொடுத்தார். அது புத்தகத்தின் பெயர் என்று கவனிக்காமல், உண்மைச் செய்தி என்றே பலர் நம்பிவிட்டார்கள். அந்த நாளில் தொடங்கியது இன்றும் நிற்கவில்லை. ஈஸ்டர் வந்தால் அங்கே டிவியில் துப்பறியும் தொடர்கள், பால் அட்டைப்பெட்டியில்கூடக் குட்டி மர்மக் கதை.

இனி, ஆரம்பத்தில் சொன்னேனே, கல்யாணமே செய்துகொள்ளாத பாட்டி, அவரிடம் வருவோம். இந்தக் கதைகளின் உயிரே அவர்தான்.

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் முதன்முதலில் வந்தது நாவலில் இல்லை, 1927 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் வெளியான 'தி டியூஸ்டே நைட் கிளப்' என்ற சிறுகதையில். செயின்ட் மேரி மீட் என்ற கிராமம். அவர் வீட்டு வரவேற்பறையில் ஒரு சாயங்காலம். எழுத்தாளரான, உடன்பிறந்தவர் மகன், ஓவியம் வரைகிற ஒரு பெண், ஸ்காட்லாந்து யார்டில் உயர் பதவியில் இருந்தவர், ஒரு பாதிரியார், ஒரு வக்கீல். தீர்க்கப்படாத மர்மங்களை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லலாம், மற்றவர்கள் விடை சொல்லட்டும் என்று முடிவாகிறது. அந்த ஓவியப் பெண் தலைகளை எண்ணுகிறார்: ஐந்து பேர் இருக்கிறோம், ஆறு பேர் இருந்தால் நன்றாக இருக்கும். மூலையில் வெள்ளைக் கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்த மிஸ் மார்ப்பிள் சிரித்துக்கொண்டே, என்னை மறந்துவிட்டாயே அம்மா என்கிறார்.

அவருடைய வீடு. அவருடைய நாற்காலி. அவரையே எண்ணவில்லை!

எப்போது படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் கோபம் வரும். ஆனால் அவருக்கு வருவதில்லை. அடுத்து அவர் சொல்வது ஊரில் ஒரு அம்மாள் இறால் வாங்கிய கதை. உரித்த இறால் வாங்கினாராம், பிறகு இன்னும் இரண்டு கடைக்குப் போனாராம், வீட்டுக்கு வந்து பார்த்தால் இறாலைக் காணோமாம். பெரிய மனிதர்கள் மர்மம் பேசும் இடத்தில் இவர் இறாலைக் கொண்டுவருகிறாரே என்று மற்றவர்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. கடைசியில் சரியான விடையைச் சொல்வது அவர்தான். ஊரில் எப்போதோ ஒரு குடும்பத்தில் நடந்த சங்கதியை நினைவில் வைத்திருந்து, இது அது மாதிரிதானே என்று சொல்லிவிடுகிறார். சின்ன ஊரில் வாழ்கிறவருக்கு மனித சுபாவம் அத்தனையும் ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடுகிறது.

அமெச்சூர் துப்பறிகிறவரிடம் எந்த அதிகாரமும் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டைச் சோதனை போட முடியாது, யாரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கையில் கிடைக்காது. பேச்சு ஒன்றுதான் ஆயுதம். காது கொடுத்துக் கேட்க வேண்டும். இன்ஸ்பெக்டர் சிரித்தாலும், உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும், மறுநாள் காலையில் அதே கடைக்குப் போய் அதே ஆட்களிடம் பேச வேண்டும். வழக்கு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் நகரத்துக்குத் திரும்பிவிடுவார். இவர் எங்கே போவார்? பிடிபட்டவருடைய அம்மா இவருடைய தெருவிலேயேதான் இருக்கிறார். இது தெரிந்தும் உண்மையைச் சொல்கிறாரே, அதைத்தான் நான் மனஉறுதி என்கிறேன். துரத்தல், துப்பாக்கி இதெல்லாம் அப்புறம்தான்.

டிவியில் இதைக் கொண்டுவந்தது 'மர்டர், ஷி ரோட்'. 1984இலிருந்து 1996 வரை, 12 சீசன், 264 எபிசோடு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கேபட் கோவ் என்ற கற்பனைக் கடலோர ஊர். கணவரை இழந்த, ரிட்டயர்டு இங்கிலீஷ் டீச்சர் ஜெசிகா ஃப்ளெட்சர் துப்பறிகிறார். ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு அந்த வேடத்துக்காக 12 வருஷமும் எம்மி பரிந்துரை வந்தது, ஒரு முறைகூட விருது கிடைக்கவில்லை. ஆனாலும் அறுபதை நெருங்கும்போது தொடங்கி எழுபதைத் தாண்டும் வரை, ஒரு நடுத்தரவயது கடந்த பெண்ணின் மூளையை மட்டுமே நம்பி ஒரு தொடரைத் தூக்கி நிறுத்தினார். எனக்கு அவர் மேல் அளவுகடந்த மரியாதை.

இப்போது வருகிற கிறிஸ்துமஸ் கோஸிகளில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊரில் யாருக்குமே பிடிக்காத ஒரு ஆளைக் கொன்றுவிடுகிறார்கள். யாரும் அழுவதில்லை. அடுத்த அத்தியாயத்தில் எல்லோரும் குக்கீ சாப்பிடுகிறார்கள், புத்தகத்தின் கடைசியில் அந்தக் குக்கீயின் செய்முறையும் இருக்கிறது. செய்முறை இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் செத்தவருக்காக ஒருவராவது வருந்த வேண்டாமா? பண்டிகை நாளில் ஒரு நாற்காலி காலியாகிறது என்றால் அந்தக் கனம் எழுத்தில் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் துப்பறிகிற பெண் எதற்காகக் கஷ்டப்படுகிறார் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. கடைசியில் கொலையாளி கத்தியோடு வந்து, தானே எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார் பாருங்கள், அதுவும் வேண்டாம். கண்டுபிடிப்பை அந்தப் பெண்ணின் வாயிலிருந்துதான் நான் கேட்க வேண்டும்.

தமிழில் இந்த வகை ஏன் அவ்வளவாக இல்லை என்று யோசித்தேன். நம் துப்பறிவாளர்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். தமிழ்வாணனின் சங்கர்லால், தொழிலே துப்பறிவது. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். ராஜேஷ்குமாரின் விவேக் போலீஸ் அதிகாரி. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் டிடெக்டிவ் ஏஜென்சிக்காரர்கள். எல்லோரையும் ரசித்துப் படித்து வளர்ந்தோம். ஆனால் பொங்கலுக்கு ஊருக்கு வந்த பங்காளிகளில் யார் பொய் சொல்கிறார் என்பதை, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடியே கண்டுபிடிக்கிற ஒரு பெரியம்மா? அவர் இந்த வரிசையில் இல்லை. ஊரில் எந்த வீட்டில் எத்தனை மணிக்குப் பொங்கல் பொங்கியது, எந்த வீட்டு வாசலில் அன்றைக்குக் கோலம் பாதியில் நின்றது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் போகுமா? எழுதுகிறவர்கள் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் எடுத்தவுடனே நாவலுக்குப் போகாதீர்கள். அந்த 1927 சிறுகதையை முதலில் எடுங்கள், ஒரே மூச்சில் முடிந்துவிடும். பிறகு 1938 கிறிஸ்துமஸ் நாவல், பக்கத்தில் நோட்டோடு. கட்டம் போட்டவர்கள் எந்த இடத்தில் சிவப்புச் சுழி போட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். ஆனால் கொலையாளியின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம்.